கார்த்திகையில் பிறந்த ஜூன் மாதக்காரனுக்கு

அப்பு,

நீ ரயிலேறிப் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அம்மா கடிதம் போடுகிறாளே, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று பதறாதே. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் அப்பா வழக்கம்போல வெயிலுக்கு முன்னால் வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆவாரம்பட்டை ஏற்றப் போய்விட்டார். தொழுவத்தில் நீ விட்டுப்போன எலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்று உன் பிறந்தநாள். காகிதத்தில் இருக்கிற ஜூன் ஒன்றாம் தேதியைச் சொல்லவில்லை. நான் உன்னைப் பெற்ற நாளைச் சொல்கிறேன், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். இன்றைக்கு உனக்கு முப்பது வயது நிறைகிறது. இதை என்னைப்போல உறுதியாகச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இங்கே இருந்தபோதே நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையை உன் பெரியப்பா மகன் முருகேசன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவன் சொல்வது அவன் பார்த்தது. நான் பார்த்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ பிறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லை. உன் பெரியம்மா முருகேசனைச் சேர்க்கக் கிளம்பினபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். நான் போனால் நீயும் வந்துதானே ஆகவேண்டும், இடுப்பை விட்டு இறங்கமாட்டாய். முருகேசனுக்கு ஐந்து முடிந்திருந்தது. உனக்கு மூன்றரை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். காது எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் அடுத்த வருடம். யார் வீட்டிலும் பிறந்த தேதியை எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்காத காலத்தில் அது ஒன்றுதான் அளவுகோல். முருகேசன் அந்த வயதிலேயே கழுத்தில்லாத குண்டு. கை பாதித் தலையில் நின்றுவிட்டது. நீ என்ன நினைத்தாயோ, இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றாய். உனக்கு உன் அப்பாவின் கை, நெட்டைக் கை. தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டு, தொட்டதோடு நில்லாமல் மடித்தும் காட்டினாய்.

"இது யாரு புள்ள?" என்றார் தலைமையாசிரியர். பெரியம்மா என்னைக் காட்டினாள்.

"ஏம்மா, இவனுக்கும் அஞ்சு முடிஞ்சிருச்சுபோல. சேத்துருவமா?"

எனக்குத் தெரியும் முடியவில்லை என்று. சொல்லவேண்டிய வார்த்தையும் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"அவ பேசமாட்டா சார்," என்றாள் பெரியம்மா.

"பேசாட்டி என்ன, காது பேசிருச்சே," என்று சொல்லி அவர் எழுதிவிட்டார். அந்த வரிசையில் காது எட்டின எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பிறந்தநாள், ஜூன் ஒன்று. முருகேசனைப் பார்த்து, "அடுத்த வருஷம் வாடா. காது எங்கயும் போயிராது," என்றார். அவன் அடுத்த வருடம் போனான், அவனுக்கு அடுத்த வருடத்து ஜூன் ஒன்று கிடைத்தது. இப்படியாக உனக்கு மூத்தவன் உனக்கு இளையவன் ஆனான். அன்றிலிருந்து இன்றுவரை உன்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன், மீசையும் வயிறுமாக இருந்துகொண்டு உன்னை அண்ணே என்பதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீயே ஒருமுறை சொன்னாய், அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நீ ஒன்றிரண்டு வருடம் பிந்தியிருப்பாய், பின்னால் உனக்கு அறிவியல் பாடத்தில் ருசி காட்டிய வாத்தியார் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார் என்று. ஆனால் உன்னை ஆராய்ச்சிக்கு இழுத்துப்போன கேள்வி பள்ளிக்கூடத்தில் பிறந்ததல்ல. அது பிறந்தது திண்டுக்கல் பேகம்பூரில், உன் அப்பா பட்டை இறக்குகிற, தோல் பதனிடும் ஷாப்பில். வண்டியில் பட்டை மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து நீயும் போவாய். அங்கே தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு தோலை மட்டும் எடுக்காமல் மறுபடியும் உள்ளே தள்ளுகிறார்களே ஏன் என்று கேட்டாயாம். அங்கே மேஸ்திரியாக இருந்த பாய், "அது கிழட்டு மாட்டுத் தோலு தம்பி. கன்னுத்தோலு மாதிரி லேசுல எளகாது. இன்னும் கெடக்கணும்," என்றிருக்கிறார். "கிழடுன்னா ஏன் எளகாது?" என்று நீ விடவில்லை. "அத அல்லாகிட்டத்தான் கேக்கணும். கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு," என்று சிரித்தாராம். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நீ வேலையாக எடுத்துக்கொண்டாய். இப்போதும் உன்னைத் தெருவில் கண்டால், "பதில் வந்துச்சா தம்பி?" என்றுதானே கேட்கிறார்.

மதராஸில் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் உனக்குத் தற்காலிகமாக டெமான்ஸ்டிரேட்டர் வேலை கிடைத்து, வெள்ளை எலிகளை வளர்க்க ஆரம்பித்துவிட்டாய் என்று கேட்டபோது, நாங்கள் ஒன்றும் புரியாமல்தான் சந்தோஷப்பட்டோம். லீவுக்கு வந்தவன் சோற்றில் கையை வைத்தபடியே விளக்கினாய். எலியின் வாலுக்குள் நூல்போல நார் ஓடுகிறது, மாட்டுத் தோலுக்குள் இருப்பதும் அதுதான், நம் உடம்பைக் கட்டி வைத்திருப்பதும் அதுதான் என்றாய். "எளசுல கரைச்சா கரையும்மா. வயசாக வயசாக ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுக் கரைய மாட்டேங்குது. எப்ப கோக்க ஆரம்பிக்குது, அதத் தள்ளிப்போட முடியுமா, அதான் கேள்வி." உன் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என் முட்டிக்கும் பேகம்பூர்த் தோலுக்கும் ஒரே வியாதின்னு சொல்லு," என்றார். நீ சிரிக்கவில்லை. "ஆமாப்பா, அதேதான்," என்றாய். உன் அப்பாவுக்கு அன்று அது பெரிய கௌரவமாக இருந்தது. பட்டை ஏற்றுகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அதைவிட அதிசயமாக இருந்தது வேறொன்று. மற்ற ஆராய்ச்சி எல்லாம் இன்று செய்து நாளைக்குப் பார்க்கலாம். உன்னுடையதில், எலி பிறக்கவேண்டும், வளரவேண்டும், பிறகு கிழடாகவேண்டும். இரண்டரை, மூன்று வருடம் அதற்குத் தீனி போட்டுக் காத்திருக்கவேண்டும். அதை எதனாலும் அவசரப்படுத்த முடியாது. அதற்குள் நீயும் வயதாகிக்கொண்டிருக்கிறாய். அப்போதுதான் அந்தப் பரிசைப் பற்றி எழுதினாய். வடக்கே ஒரு வைத்தியர், தன் முதுமைக் காலத்தில் சொத்தை எழுதிவைத்து ஏற்படுத்தியது. உடம்பு எப்படி முதுமை அடைகிறது என்று ஆராய்கிற இளைஞர்களில் வருடத்துக்கு ஒருவருக்குத்தான். கிடைத்தால் மூன்று வருடத்துக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் இடமும் சம்பளமும் உண்டு. கிடைக்காவிட்டால் உன்னுடைய தற்காலிக வேலை அந்தக் கல்வியாண்டோடு முடிகிறது, எலிகளுக்கும் இடமில்லை. அந்த வைத்தியரை நான் பார்த்ததில்லை. ஆனால் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன் முட்டி வலிக்கு மருந்து கண்டுபிடிக்கச் சொல்லிப் பணம் கொடுத்திருந்தால் அது சாதாரணம். தான் இருந்து பார்க்கப்போகாத ஒரு பதிலுக்காக, தான் முகம் பார்க்கப்போகாத பிள்ளைகளுக்கு எழுதிவைத்தாரே, அதுதான் பெரிய மனது.

ஆனால் முப்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடாது என்று ஒரு வரம்பு. விண்ணப்பம் தை மாதத்தில் மட்டும். காகிதத்தின்படி உனக்கு அந்தத் தைதான் கடைசி. நான் பெற்ற கணக்கின்படி அடுத்த தையும் உண்டு. உன் எலிகளோ அடுத்த தைக்குள்தான் கிழடாகும். இரண்டு வருடத்துக்கு முந்தின மார்கழி லீவில் வீட்டுக்கு வந்து நீ இதைச் சொன்னபோது சட்டென்று எனக்கு அந்த வராந்தாவும் சுவரும் ஞாபகம் வந்தன. உன் கல்லூரியில் கூட வேலை பார்க்கிற ஒருவர் வழி சொன்னாராம். "எலிக்கு என்ன சர்டிபிகேட்டா இருக்கு? இருபது மாசத்த முப்பது மாசம்னு போட்டு அனுப்பு." அதை என்னிடம் சொல்லிவிட்டு நீ சொன்னாய், "அதான்மா, எலிக்கு இருக்கு. எனக்குத்தான் சரியா இல்ல." ஒவ்வொரு கூண்டிலும் நீ அட்டை கட்டியிருப்பாய். அந்த எலி பிறந்த தேதி, தாய் எலி எது, எல்லாம் அதில் இருக்கும். அதில் ஒரு நாள்கூட முன்னே பின்னே போகாது. மனிதனுக்குத் தேதி பிசகினால் வேலையும் பரிசும்தான் போகும், எலிக்குத் தேதி பிசகினால் நான் கண்டுபிடித்ததே பொய்யாகிவிடும் என்றாய். முப்பது வயதுக்கு உட்பட்ட ஒரு பையன் இப்படிப் பேசுவதைக் கேட்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் நானே வாய்விட்டுச் சொன்னேன், "வக்கீல்கிட்டப் போவோம், நான் வாரேன்" என்று. உன் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். முருகேசன் லாரியை நிறுத்திவிட்டுச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நீ பிறந்த தேதிக்குச் சாட்சி யார் என்று வக்கீல் கேட்டார்.

"நான்தானுங்க," என்றான் முருகேசன். ஒட்டன்சத்திரத்துப் பேச்சு அவனிடம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இவன் பொறந்தப்ப நான் நடந்துக்கிட்டிருந்தேனுங்க. எங்கம்மா சொல்லும்."

"அப்ப நீங்க மூத்தவரு. உங்க சர்டிபிகேட் இருக்கா?"

முருகேசன் கேட்பதற்காகவே காத்திருந்தவன்போல எடுத்து நீட்டினான். வக்கீல் உன்னுடையதையும் அவனுடையதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதுப்படி நீங்க இவருக்கு ஒரு வருஷம் எளையவரு. எளையவரு எப்படிய்யா மூத்தவரு பொறந்ததப் பாத்தீரு?"

"அதத்தான் சார் நானும் இருவத்தஞ்சு வருஷமாக் கேக்குறேன்."

வக்கீல் குமாஸ்தா வெளியே எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு வக்கீல் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. என்னிக்குப் பொறந்தாரு?" என்றார். நான் சொன்னேன். "சத்தமாச் சொல்லுங்கம்மா," என்றார். "தாது வருஷம், கார்த்திகை மாசம், தீபத்துக்கு மறுநா. வாசல்ல வச்ச வெளக்குல எண்ணெய்கூட வத்தல," என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சொல்வது நிஜம் என்று அவர் நம்புவதாகவும், ஆனால் பள்ளிக்கூடத்துத் தேதியை இனி மாற்ற ஒப்பமாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெனக்கெடுறதுதான் மெனக்கெடுறீங்க, ஒன்றரை வருஷத்துக்கு அலையிறதும் மூணு வருஷத்துக்கு அலையிறதும் ஒரே அலைச்சல்தான். மூணாக் குறைச்சுக்குவோம், உத்தியோகத்துக்கும் நல்லது. அதுக்குத் தோதான ஆளுக இருக்காக," என்றார். முருகேசன் உன் முகத்தைப் பார்த்தான். நீ எழுந்து கும்பிட்டுவிட்டு, "மூணு வேண்டாம் சார். என்னோட ஒன்றரை இருந்தாப் போதும்," என்றாய்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தோம். வரம்பு வைத்தவர்களை நான் திட்டினேன். நான் திட்டி நீ கேட்டது அன்று ஒருமுறைதான் இருக்கும். நீ அவர்களுக்காகப் பரிந்து பேசினாய். "பேரு வாங்குனவுகளுக்குக் கேட்ட எடத்துல கெடைக்கும்மா. ஒண்ணும் இல்லாதவனுக்கு, சின்னவனுக்கு, யாரு குடுப்பா? அவனுக்குன்னு ஒரு எடம் ஒதுக்கணும்னா வேலி போட்டாத்தான் முடியும். வேலி நல்லதுதான். நான்தான் தப்பான பக்கம் விழுந்துட்டேன்." அந்த இடத்தில் எனக்கு உன்மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தனக்குக் கிடைக்காததை நல்லது என்று சொல்ல எத்தனை பேருக்கு வரும்? பரிசு கொடுக்கிற சங்கத்துக்கு நீ உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்டாய். சர்டிபிகேட்டில் உள்ள வயதுதான் கணக்கு என்று மரியாதையாகப் பதில் வந்தது. தை மாதம் விண்ணப்பம் போட்டாய். இந்த எலிகள் இன்னும் கிழடாகவில்லை, நடு வயதுவரைதான் பார்த்திருக்கிறேன், மீதி எனக்கே தெரியாது என்று அதில் எழுதியிருந்தாயாம். பரிசு வேறொருவருக்குப் போனது.

அதற்கப்புறம் வேறு யாராக இருந்தாலும் எலிகளை விட்டுத்தொலைத்திருப்பார்கள். நீ அவற்றைக் கூண்டோடு ரயிலில் ஏற்றித் திண்டுக்கல்லில் கொண்டுவந்து இறக்கினாய். நெய்க்காரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை தேடிக்கொண்டாய். வாரம் முழுவதும் அங்கே, சனி ஞாயிறு இங்கே தொழுவத்தில். மாட்டுக்கு இருந்த இடத்தில் பாதியை எலிக்குக் கொடுத்தோம். சித்திரை வெயிலில் கூண்டுகளைச் சுற்றி நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காயக் காய நனைத்துக்கொண்டிருப்பேன். கோதுமை மாவும் கடலை மாவும் சேர்த்து வேகவைத்த உருண்டையைத் தவிர வேறெதுவும் அவற்றுக்குப் போடக்கூடாது என்பது உன் உத்தரவு. பக்கத்து வீட்டு முத்தம்மா தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். "எலிக்கு வயசாகணும்னு ஒருத்தன் காத்துக் கெடக்கானா? எங்க வீட்டுப் பரண்ல நாலு கிழட்டு எலி சும்மாத்தான் கெடக்கு. வேணும்னாப் புடிச்சுக்கிறச் சொல்லு." நீ அதற்கும் பதில் சொன்னாய், "அதுக எப்பப் பொறந்துச்சுன்னு எழுதி வச்சிருந்தாக் குடுங்கக்கா."

பிள்ளையார் சதுர்த்தி அன்று நடந்ததை நான் மறக்கமாட்டேன். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் முத்தம்மா ஒரு தட்டில் கொழுக்கட்டை கொண்டுவந்து இரண்டு கூண்டுகளில் போட்டுவிட்டாள். நான் திரும்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளையாருக்குப் படைச்சுட்டு அவரு வாகனத்தப் பட்டினி போடச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா எந்நேரமும் அந்தக் காஞ்ச உருண்டையத்தான் திங்கணுமா?" என்றாள். சனிக்கிழமை நீ வந்ததும் அவளே வந்து பெருமையாகச் சொன்னாள். நீ கோபப்படவில்லை. "நல்லாத் தின்னுச்சாக்கா?" என்று கேட்டாய். அவள் போனபிறகு அந்த இரண்டு கூண்டின் அட்டைகளையும் அவிழ்த்து எடுத்தாய். ஒரு நாள் கொழுக்கட்டையால் வாலுக்குள் இருக்கிற நார் மாறிவிடுமா என்று நான் கேட்டேன். "மாறாதும்மா," என்றாய். "அப்புறம் ஏன்?" "மத்ததெல்லாம் தின்னது எனக்குத் தெரியும். இதுக எம்புட்டுத் தின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது." இருந்ததே கொஞ்சம். அதிலும் இரண்டு கூண்டு போனது. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப்போவதுமில்லை. உன் அப்பா அன்று சாப்பிடும்போது சொன்னார், "இவன் எலி வளக்கலடி. எலிதான் இவன இப்படி வளத்திருக்கு."

போன கார்த்திகையில் எலிகள் கிழடாயின. ரோமம் மங்கி, நடையெல்லாம் உன் அப்பா நடைபோல ஆகியிருந்தது. அவற்றை மறுபடி மதராஸுக்கு எடுத்துப் போனாய். உன் பழைய கூடத்தில், நீ இருந்தபோது புதிதாகச் சேர்ந்த சுலோச்சனா என்கிற பெண், ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய இளம் எலிகளை நீ இல்லாத காலமெல்லாம் புதிது புதிதாகக் குட்டி எடுத்து வளர்த்து வைத்திருந்தாள். இரண்டு பேருமாகச் சோதனையை முடித்தீர்கள். அதை வைத்துப் பரிசுக்கு விண்ணப்பம் போட உன்னால் முடியாது. அவளால் முடியும், அவளுக்கு வரம்புக்குள் இன்னும் வருடங்கள் இருந்தன. அவள் தயங்கியிருக்கிறாள். நீதான், பாதி வேலை உன்னுடையது, முழுக் கேள்வியும் இனிமேல் உன்னுடையது, போடு என்று சொல்லியிருக்கிறாய். யார் என்ன செய்தது என்பதை மறைக்காமல் எழுது, எலிகளின் பிறந்த தேதிகளை விடாமல் போடு, இது இரண்டும்தான் நீ கேட்டது. இந்த ஐப்பசியில் அவளுக்குப் பரிசு கிடைத்தது. நீ அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வாசலுக்கு வந்து, "அப்பா, நம்ம எலி செயிச்சிருச்சு," என்றாயே, அந்த முகத்தை நான் பார்த்தேன். அதில் ஒரு சொட்டுக் கசப்பு இருக்கிறதா என்று தாய்க்கு உரிய சந்தேகத்தோடு தேடிப் பார்த்தேன். இல்லை.

பரிசில் கிடைத்த கூடத்தில் தன்னோடு வேலை பார்க்க அவள் முதலில் கேட்ட ஆள் நீ. போகலாமா வேண்டாமா என்று நீ யோசித்ததாகவே எனக்குத் தெரியவில்லை. முத்தம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "ஏப்பா, வயசுல சின்னப் பொண்ணுக்குக் கீழயா வேல பாக்கப்போற?" என்றாள். "இத்தன வருஷமா எலிக்குத்தானக்கா வேல பாத்தேன்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாய். பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் என்ன சொன்னார் என்று உன் அப்பா வந்து சொன்னார். பாதிப் பதில் வந்துவிட்டது என்று நீ சொன்னாயாம். "மீதிய நான் இருக்கையிலயே சொல்லிரு தம்பி. நானும் இப்ப லேசுல எளகாத தோலுதான்," என்றாராம்.

அங்கே போய் எப்படி இருக்கவேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? ஒன்றிரண்டுதான். அந்தப் பெண் தலைமை தாங்குகிற இடத்தில் பழையவன் என்ற உரிமையில் முந்திக்கொண்டு பேசாதே. அவள் தப்பாகச் சொன்னால் தனியாகச் சொல். எலிக்கு நேரம் தவறாமல் தீனி போடுகிறவன் நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நாளைக்கு அந்தப் பரிசு கேட்டு உன்னிடம் யோசனைக்கு வருகிற பிள்ளைகளில், என் மாதிரி வாய் வராத தாய்க்குப் பிறந்தது ஒன்றிரண்டு இருக்கும். அவர்களைச் செத்த நேரம் கூடுதலாகப் பேசவிடு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முருகேசன் உன்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டான். இந்த ஜூன் மாதம் அவன் மகள் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனான். அவன் பெண்சாதி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். அதே பள்ளிக்கூடம், அதே வராந்தா. தலைமையாசிரியர் மட்டும் புதியவர். இப்போதும் காதைத்தான் தொடச் சொல்கிறார்கள். செல்விக்கு முருகேசன் உடம்பு வரவில்லை, நம் வீட்டு நெட்டைக் கை. சிரமமே இல்லாமல் தொட்டாள். "அஞ்சு முடிஞ்சிருச்சு," என்று சொல்லிக்கொண்டே அவர் பேனாவைத் திறந்தார். முருகேசன் தலையை ஆட்டினான்.

"ஐயா, அது இல்ல," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. "புள்ள பொறந்தது பங்குனி மாசம், உத்திரத்துக்கு முந்தின நா. நாலுதான் முடிஞ்சிருக்கு," என்றேன்.

"அதனால என்னம்மா, காது எட்டுதே."

"காது எட்டுதுங்க. வயசு எட்டல."

அவர் பேனாவை மூடினார். "சரி, அடுத்த வருஷம் கூட்டியாங்க. உள்ள தேதியவே போட்டுத் தாரேன்," என்றார்.

செல்வி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். "என்ன சின்னம்மா, ஒரு வருஷம் வீணாப் போச்சே," என்று முருகேசன் முணுமுணுத்தான். "வீணாப் போகலப்பா. அது அவகிட்டதான இருக்கு. பின்னால வேணுங்கிறப்ப எடுத்துக்குவா," என்றேன். டீக்கடை வந்ததும், "அண்ணனுக்கு எழுதிப் போட்டுராதீங்க சின்னம்மா, சிரிப்பான்," என்றான்.

எழுதிவிட்டேன். நீ சிரிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அப்பு, வரம்பைப் பற்றி இனிமேல் யார் பேசினாலும் நீ கேட்டுக்கொண்டிரு, மறுக்கவேண்டாம். காகிதத்தில் ஜூன் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். சம்பளத்துக்கும் ஓய்வுக்கும் அது போதும். ஆனால் நீ அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சோதனையை முடித்த நாளிலும், அவள் விண்ணப்பத்தைத் தபாலில் போட்ட நாளிலும், பரிசு வந்த நாளிலும், நேற்று நீ கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அறைக்குத் திரும்பின நேரத்திலும், நீ வரம்புக்கு உள்ளேதான் இருந்தாய். எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தவள்.

தாது வருஷத்துக் கார்த்திகையில் உன்னைப் பெற்ற
அம்மா